ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு வாய்தா

பௌர்ணமி என்று கூட்டம் கூடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நிலாவின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அது பாட்டுக்கு வளர்கிறது, அது பாட்டுக்குத் தேய்கிறது. யார் குடியையும் கெடுக்க வேண்டும் என்று அது கிளம்பி வருவதில்லை. கீழே நின்றுகொண்டு அதற்குப் பெயர் வைத்து, நாள் குறித்து, தங்கள் தீர்ப்புகளையெல்லாம் அதன் தலையில் ஏற்றி அனுப்புகிறார்களே, அவர்கள்மேல்தான் என் கோபம்.

நான் பிறந்தது தம்மம்பட்டிக்குப் பக்கத்தில். எழுபதுகளின் பின்பாதியில் மல்லசமுத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். கடலையும் குச்சிக்கிழங்கும் விளைகிற காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு, வாசலுக்கு எதிரே களம். வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். "வரேன்" என்றால், "வாரேனுங்கன்னு சொல்லு அம்மிணி" என்று திருத்துவார்கள். திருத்திக்கொண்டேன். அவர்களுடைய பௌர்ணமிக் கணக்கையும் கற்றுக்கொண்டேன். அந்த ஊரில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். எருமை கன்று போட்டது மாசி மகத்துக்கு முன்னால். கிணற்றில் மோட்டார் இறக்கியது வைகாசி விசாகத்தன்று. மச்சினன் போர் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே போனது ஆவணி அவிட்டம் கழித்து. சித்ரா பௌர்ணமி, கார்த்திகை தீபம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கோயில், ஒரு பலகாரம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பெயர்களெல்லாம் கோர்ட்டு வாய்தாவைப்போல ஒன்றன்பின் ஒன்றாக என் மகளின் முகத்தின்மேல் வந்து விழப்போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். அந்த வருடம் பங்குனி உத்திரமும் சந்திர கிரகணமும் ஒரே நாளில் வந்தன. உத்திரத்துக்கு வந்த ஒரம்பரைச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கிரகணத்தையும் பார்த்துவிட்டே போகலாம் என்று தங்கிவிட்டார்கள். மத்தியானத்திலிருந்தே ஊரில் ஒரே குதூகலம். களத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் உலக்கையை நிறுத்தி வைக்க ஆயத்தம் செய்தார்கள். கிரகணம் பிடிக்கும்போது உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பொழுதோடு சமையலை முடித்து, சாப்பிட்டு, ஊறுகாய் ஜாடியின் மேல்கூட அறுகம்புல்லைப் போட்டு மூடினார்கள்.

பிறகு என்னை மூடினார்கள்.

கடலை மூட்டை போடுகிற அறைக்கு ஜன்னல் கிடையாது. "நல்லா நீட்டிப் படுத்துக்கோ சாமி. கையக் கால மடக்காத. எதையும் கிள்ளாத, கீறாத. தண்ணி கேக்காத" என்று சொல்லிப் பாயை விரித்துப் போட்டுவிட்டு, என் மாமியார் வெளியே போய்க் கதவைப் பூட்டினார். நாதாங்கி போட்டால் போதாதா என்று கேட்டேன். "புடிச்சு இழுத்தா வந்துரும். பூட்டுனாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் பிரியமாகத்தான் இருந்தார். பிரியமாகத்தான் பூட்டினார்.

இருட்டென்றால் அப்படியோர் இருட்டு. கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தால் கை தெரியாது. நான் மல்லாந்து படுத்து ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். அதில் ஊசிமுனை இடுக்கு இருந்திருந்தாலும் முதலில் என் கண்ணில்தான் பட்டிருக்கும். ஒன்றும் படவில்லை. அந்தக் கிரகணத்தை நான் காதால்தான் பார்த்தேன். "புடிச்சிருச்சு, புடிச்சிருச்சு" என்று பிள்ளைகள் கத்தின. "கால்வாசி போச்சுங்க!" என்றது ஓர் ஆண்குரல். "செம்மண்ணு நெறமாயிருச்சு பாருங்க!" என்றாள் ஒருத்தி. உலக்கை நின்றதற்கு ஒரு ஆரவாரம். யாரோ தகர டின்னைத் தட்டினார்கள். வானத்துக்கு வந்த விருந்தாளியைப் பார்க்க ஊரே வாசலில் நின்றது. நான் தாகத்தோடு, முதுகு வலியோடு, ஒரு விரலைக்கூட மடக்காமல் கிடந்தேன். சொன்ன பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டேன். இதை எழுதும்போதும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்றுவிடாமல் கேட்டேன்.

கிரகணம் விட்ட பிறகு மாமியார் வந்து கதவைத் திறந்து, என் தலையில் தண்ணீர் ஊற்றி, "போதுஞ்சாமி, நல்லபடியா முடிஞ்சுது" என்று நெற்றியில் திருநீறு பூசினார்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். ஆடிக் கடைசியில் ஆத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல அழுகை. மேலுதடு மட்டும் மூக்கு வரைக்கும் பிளந்து இருந்தது.

என் சொந்த அம்மா குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு எங்கடி இருந்தே?" என்பது. பிள்ளை பெற்று இன்னும் ரத்தம் நிற்காமல் கிடக்கிறேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "ரூமுக்குள்ள இருந்தேம்மா. பூட்டியிருந்தாங்க" என்றேன். அவள் நம்பின மாதிரித் தலையை ஆட்டினாள். முகம் நம்பவில்லை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கிரகணம் எப்ப வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். பங்குனியில் என்றேன். "அப்ப உனக்கு எத்தனை மாசம்?" ஐந்து என்றேன். "கேட்டுக்கங்க பெரியம்மா" என்று என் அம்மா பக்கம் திரும்பினார். "கொழந்தைக்கு உதடு கூடுறதெல்லாம் ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சிரும். கூடலைன்னா அப்பவே கூடலைன்னு அர்த்தம். பங்குனி நிலா வர்றதுக்கு ரொம்ப முன்னாடி முடிஞ்சுபோன விஷயம் இது. உங்க பொண்ணு அன்னிக்கு ரூமுக்குள்ள இருந்தாலும் இதான், தெருவுல நின்னாலும் இதான்." பிறகு என்னிடம், "தையல் போட்டா சரியாயிரும். கார்த்திகை வாக்குல எடை ஏறினதும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. தள்ளிப் போடாதே" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் மந்திரம்போல மனத்தில் பிடித்துக்கொண்டேன்.

ஆவணியில் மாமியார் குழந்தையைப் பார்க்க வந்தார். வருவதற்குத் தாமதமானதற்கு என் அம்மாவிடம் காரணம் சொன்னார். "ஆடிக் காத்து இந்தத் தடவ ஊட்டையே பேத்துருச்சுங்க. கடலை மூட்டை போடற ரூம்புல ஓடு நவுந்து, மழைத்தண்ணி எறங்கி, மூட்டையெல்லாம் பூசணம் புடிச்சுக் கெடக்குது. அதை ஒணத்தி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு." இதை அவர் சொன்னபோது நான் கட்டிலில் குழந்தையோடு இருந்தேன். காதால் கேட்டேன். அப்புறம்தான் அவர் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஐப்பசிக் கடைசியில் புகுந்த வீட்டுக்குத் திரும்பினேன். குழந்தைக்கு மார்பில் பால் பிடிக்காது. பிடித்தாலும் காற்றுதான் போகும். சங்கில் பால் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். பாதி கன்னத்தில் வழியும். ஒவ்வொரு வேளையும் ஒரு போராட்டம். பார்க்க வந்த பெண்களில் ஒருத்தியாவது சங்கை வாங்கி ஒரு வாய் புகட்டியிருப்பாள் என்கிறீர்களா? "கிரகணத்தன்னைக்கு என்னடி பண்ணுன?" இதுதான் கேள்வி. வெற்றிலை பாக்கு அறுத்தாயா, பூ தொடுத்தாயா, புடவைத் தலைப்பைக் கிழித்தாயா, எட்டிப் பார்த்தாயா. போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

சேலம் போக வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். சரி என்றார். அவர் எதற்கும் சரி என்பவர். எல்லோருக்கும் சரி என்பவர். அவருடைய பெரியப்பாதான் அந்தக் குடும்பத்தில் வாக்குச் சொல்கிறவர். அவர் குறுக்கே விழுந்தார். "கெரகண தோசத்து மேல கத்தி வெக்கலாமா? மொதல்ல அந்தப் புள்ள பாத்துச்சா பாக்கலையான்னு தெரியோணும். அதுக்குத் தக்கன பரிகாரம். அப்புறந்தான் ஆஸ்பத்திரி."

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "அவிய படிச்சவிய, அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று ஒதுக்கிவிட்டார். மாமியாரைக் கேட்டார். "நாந்தானுங்க பூட்டுனேன். கிரகணம் உடற வரைக்கும் சாவி எம்பட முந்தானையிலதான் இருந்துச்சுங்க" என்றார் மாமியார். பெரியப்பா யோசித்தார். பெண் வெளியே வரவில்லை; ஆனால் உதடு பிளந்திருக்கிறது. கிரகணம்தான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "அப்ப நெலா உள்ள வந்துருக்கோணும்" என்று முடிவு கட்டினார்.

உள்ளே வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த பௌர்ணமியன்று அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. அடுத்த பௌர்ணமி, கார்த்திகை தீபம்.

ஊரில் எல்லா வீட்டிலும் வாசலில், மாடத்தில், கிணற்று மேட்டில், மாட்டுக் கொட்டகையில் அகல் விளக்கு வரிசை. எங்கள் வீட்டில் அந்த அறையில் மட்டும் விளக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவு. பங்காளி வீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று எல்லோரும் உள்ளே நுழைந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். கார்த்திகைப் பொரியைக் கொறித்துக்கொண்டு, டூரிங் டாக்கீஸில் படம் போடக் காத்திருக்கிற மாதிரி அண்ணாந்துகொண்டிருந்தார்கள். நான் குழந்தையோடு நிலைப்படிக்கு வெளியே நின்றேன். குற்றவாளி உள்ளே வரக் கூடாதாம்.

நிலா மேலே ஏற ஏற, ஒரு மூட்டையின் மேல் வெளிச்சம் விழுந்தது. எட்டணாக் காசு அளவு.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று ஒரு கூச்சல். அந்தக் கூச்சலில் இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மலையுச்சிக் கொப்பரையில் தீபம் ஏற்றினதைப் பார்த்தவர்கள்போல முகமெல்லாம் பூரிப்பு. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாஞ் சொல்லலை?" என்றார் பெரியப்பா. பங்குனி நிலாவைக் கார்த்திகையில் சோதித்துப் பார்க்கிற அறிவாளிகள்! நடுவே ஒரு ஆடி மாதம் வந்து போனது ஒருத்தருக்கும் நினைவில்லை. ஆடிக் காற்றில் ஓடு நகராத வீடு அந்த ஊரில் ஒன்று உண்டா? ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றாமல் விட்டது யார் குற்றம்?

நான் சும்மா இருக்கவில்லை. "அது ஆடிக் காத்துல நவுந்த ஓடுங்க. பங்குனியில அந்த எடத்துல இடுக்கே இல்லீங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாமியாரைப் பார்த்தேன். "அத்தைங்க, எங்கம்மா ஊட்டுல நீங்கதானுங்களே சொன்னீங்க, மூட்டை நனைஞ்சு போச்சுன்னு? சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஞாபகம் இருந்தது அவருக்கு, கண்ணிலேயே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆமாம் என்றால், அவர் பூட்டின பூட்டும் வீண், போட்ட அறுகம்புல்லும் வீண், அவர் மாமியார் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் வீண் என்று ஆகிவிடும். பெரியப்பாவுக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வெளக்குல எண்ணெ தீந்துருக்கும்" என்று முனகிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தீர்ப்பு வந்தது. தோஷம் பங்குனி உத்திரத்தில் ஒட்டியது, ஆகையால் அடுத்த பங்குனி உத்திரத்தில்தான் கழிக்க வேண்டும். அதுவரை குழந்தை மேல் கத்தி படக் கூடாது. நான் நாள் கேட்கப் போகும்போதெல்லாம் ஒரு பௌர்ணமியை எடுத்து முன்னால் வைத்தார்கள். மார்கழியா, திருவாதிரை வரைக்கும் நல்ல காரியத்தைப் பேசாதே. தையா, பூசத்துக்கு ஊரே காவடி எடுக்கிறது, யார் உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவது? மாசி மகம் போகட்டும். அப்புறம் பங்குனி எட்டும் தூரம்தானே? அவர்களுக்கு அது எட்டும் தூரம். எனக்கு ஒவ்வொரு வேளைச் சங்குப் பாலும் ஒரு மலை. குழந்தை இளைத்துக்கொண்டே வந்தாள். இருமினால் மூக்கு வழியாகப் பால் வரும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அந்த ஊர் அடுத்த பௌர்ணமிக்கு மாவு இடித்தது.

தைப்பூசத்தன்று வீடே வெறிச்சென்று இருந்தது. பெரியப்பா காவடிக் கூட்டத்தோடு கிளம்பியிருந்தார். மாமியார் தேர் பார்க்கப் போயிருந்தார். நான் குழந்தைக்குத் துணி மாற்றி, பையில் சங்கையும் பால் பாட்டிலையும் போட்டுக்கொண்டு, காட்டிலிருந்து வந்த கணவர் முன்னால் போய் நின்றேன். "ஏனுங்க, நான் சேலம் போறேன். நீங்க வாரீங்களா, நான் மட்டும் போகட்டுங்களா?"

அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கால் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். சேலம் போய் இறங்கும் வரை பஸ்ஸில் அந்தப் பையை விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பத்து நாளைக்கு மேல் இருந்தோம். டாக்டர், நர்ஸ், ஆயா என்று எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். குழந்தை என்ன குடிக்கிறாள், சளி இருக்கிறதா, என்ன எடை என்று கேட்டார்கள். நிலாவைப் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யாருக்குச் சொன்னாலும் புரியாது. தையல் பிரித்த பிறகு கொஞ்ச நாளில் அவள் முதல்முதலாகக் காற்று போகாமல் வாய் மூடிப் பால் குடித்தாள். நான் சத்தம்போட்டு அழுதேன். வரிசையில் இருந்த மற்ற தாய்மார்கள் என்ன ஆயிற்றோ என்று எழுந்து ஓடி வந்தார்கள்.

ஊருக்குத் திரும்பினால், "அவசரப்பட்டுட்ட" என்றார்கள். பங்குனி உத்திரத்தன்று மாமியார் கோயிலுக்குப் போய்ப் பரிகாரத்தை முடித்துவிட்டு வந்தார். உதடு கூடினது அந்தப் பரிகாரத்தால்தான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். பரிகாரத்துக்கு முன்னாலேயே கூடிவிட்டதே என்று கேட்க எனக்கு அலுத்துப்போயிருந்தது. பிள்ளையின் முகம் நேராகிவிட்டது, இனி என்ன பேசினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

வருடங்கள் ஓடின. கடலைக்காட்டில் பாதியை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை போட்டோம். மகள் பள்ளிக்கூடம் போனாள். மேலுதட்டில் நூல் மாதிரி ஒரு தழும்பு மட்டும். அடுத்த பிள்ளை என்றாலே வீட்டில் ஆளாளுக்குப் பயம். எனக்கோ அந்தக் கேள்விகளை மறுபடி கேட்க மனசில்லை. நாள் தள்ளிக்கொண்டே போய், எண்பதுகளின் நடுவில்தான் மறுபடி வயிற்றில் தங்கியது. மகளுக்கு அப்போது எட்டு நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் சித்ரா பௌர்ணமியன்று கிரகணம். நிலா உதிக்கும்போதே பிடித்த நிலையில் உதிக்கும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டுமா? மறுபடி களம் கூட்டினார்கள், தாம்பாளம் வந்தது, உலக்கை வந்தது. மாமியார் முட்டை அட்டைகளின் மேலெல்லாம் அறுகம்புல் போட்டார். கொட்டகையின் கம்பி வலைக்குச் சாக்குப் படுதாவை இறக்கிவிடச் சொன்னார். கோழிகளுக்கும் எனக்கும் ஒரே சட்டம்.

எனக்கு அப்போதும் ஐந்து மாதம்தான். இந்தத் தடவை பூட்டவிடக் கூடாது, வீட்டுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருப்போம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரம். அடுப்படியில் பாத்திரத்தை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால், என் மகள். இரண்டு கையாலும் பழைய பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாவி அவள் பாவாடை நாடாவில் தொங்குகிறது.

"உள்ள போயிரும்மா. நானே பூட்டிக்கறேன். ஆரையும் தொறக்க உட மாட்டேன்" என்றாள்.

"எதுக்குடி?" என்றேன்.

"பாப்பாவுக்கும் என்னாட்டமே ஆயிருமில்ல? இந்தத் தடவையாச்சும் பாத்துராதம்மா."

இந்தத் தடவையாச்சும்! அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எல்லோரும் சொன்னார்கள். தலை வாரும்போது சொன்னார்கள், தழும்பைத் தடவிப் பார்த்துச் சொன்னார்கள், சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள். பால் புகட்டிப் புகட்டி நான் காப்பாற்றிய பிள்ளை, தன் முகத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று நம்பிக்கொண்டே என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். அதிலும் என்மேல் கோபம்கூட இல்லை அவளுக்கு. பரிதாபப்பட்டுத்தான் பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பூட்டை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்பு மேட்டில் வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடலை அறையைத் தாண்டி, ஆசாரக் கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டிக் களத்துக்குள் போய்க் கூட்டத்துக்கு நட்டநடுவே நின்றேன். எனக்குத் தெரியும், உதடு எப்போதோ கூடி முடிந்திருக்கும். டாக்டரம்மா சொன்ன கணக்கு மறக்கவில்லை. ஆனாலும் பயமே இல்லை என்று சொன்னால் பொய். அத்தனை வருடம் ஊதி ஊதி என் உள்ளேயும் கொஞ்சம் வளர்த்துவிட்டிருந்தார்கள். அதுவும் அவர்கள் செய்ததுதான்.

"அடிப் பாவி, வயித்துப்புள்ளக்காரி!" என்று ஒருத்தி அலறினாள். பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். மாமியார் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள வா சாமி, உன் கால்ல உழறேன்." நான் நகரவில்லை. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இந்தத் தடவ நான் ஒளிஞ்சு பாக்கலை. உங்க முன்னால நின்னு பாக்கறேன்" என்றேன். என் கணவர் கொட்டகைப் பக்கமிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கிழக்கே ஒன்றையும் காணோம். காலண்டரில் பௌர்ணமி, வானத்தில் நிலா இல்லை. எல்லோரும் என்னை விட்டுவிட்டு நிலாவைத் தேட ஆரம்பித்தார்கள். மகள் கிழக்குக்கு முதுகைக் காட்டி, என்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் என் வயிற்றின்மேல் விரித்து மூடிக்கொண்டு நின்றாள். நிலா பட்டால் தன் கைமேல் படட்டும் என்று. அவள் கையை நான் எடுத்துவிடவில்லை. "திரும்பிப் பாரு. ஒண்ணும் செய்யாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெகுநேரம் கழித்துக் கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"அம்மா, அதா" என்றாள். பனைமரத்துக்குப் பக்கத்தில், துருப்பிடித்த தகரம்போல மங்கலாக, அது ஏற்கெனவே ஏறியிருந்தது. அத்தனை பேரில் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஓரத்தில் வெள்ளை கீறி, கொஞ்சம் கொஞ்சமாக முழு நிலா ஆகும்வரை நாங்கள் இருவரும் நின்று பார்த்தோம். உலக்கையை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஆவணியில் ஒரு பெண் பிறந்தாள். மாமியார் என் மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, தங்கச்சியின் மேலுதட்டில் ஒரு விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்லத் தடவினாள். பிறகு தன் உதட்டைத் தடவிப் பார்த்தாள். மறுபடி தங்கச்சியின் உதடு. மாமியார் அதற்குள், "எம்பட வேண்டுதலை வீண் போகலை" என்று கையைக் கூப்ப ஆரம்பித்திருந்தார்.

"ஆத்தா" என்றாள் மகள். "அன்னைக்கு அம்மா களத்துல நின்னு பாத்துச்சு. நானும் பாத்தேன். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. நான் வயித்துல இருக்கறப்ப அந்த ரூம்புக்குள்ள நெஜமாலுமே நெலா வந்துச்சா?"

மாமியார் கூப்பிய கையை இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை. பேத்தியின் தழும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல சாமி. அந்த ஓடு ஆடிக் காத்துலதான் நவுந்துச்சு."

மகள் என் பக்கம் திரும்பி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

எல்லோரும் என்னிடம், அதோடு விட்டுவிடு, அந்தம்மாதான் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்கிறார்கள். எப்படி விடுவது? ஒரே ஒரு வார்த்தை அது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போன அந்தக் கார்த்திகை தீபத்தன்று அதைச் சொல்லியிருந்தால், என் பிள்ளை தன் தாயைப் பூட்டி வைக்கப் பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டாள்.